நடத்தை: நன்று

வேதியியல் டீச்சருக்கு ‘அமிலம்’ என்று பெயர் வைத்தது யார் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்தோரு வருடமாகியும் எந்தச் சோப்புக்கும் போகவில்லை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பழைய மாணவர்கள் கடைத்தெருவில் பார்த்தால் நேராகவே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். டீச்சர் கோபித்துக்கொண்டதே இல்லை. “நீர்த்த அமிலமா, அடர் அமிலமா? அதச் சொல்லு முதல்ல” என்பார்.

வாய்தான் அப்படி. பீக்கரைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போன பையனைத் திரும்பக் கூப்பிட்டு, “உங்க வீட்டுல நேத்து டீ குடிச்ச டம்ளர்லயே இன்னிக்கும் ஊத்தித் தருவாங்களா?” என்று கேட்பார். வீட்டுப்பாட நோட்டைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்து, “இது உங்கக்கா கையெழுத்து. அக்காவுக்குப் பத்து மார்க், உனக்கு முட்டை” என்பார். ஆனால் பரீட்சைக்கு முந்தைய மாதம் முழுக்க, தேறாது என்று மற்றவர்கள் கைகழுவிவிட்ட பிள்ளைகளைப் பிடித்து ஆய்வகத்தில் உட்காரவைத்து, மண்டையில் ஏறும்வரை விடமாட்டார். அவர் வகுப்பில் வேதியியலில் தவறியவர் என்று ஆறு வருடமாக ஒருவரும் இல்லை.

வீடு பள்ளியிலிருந்து மூன்று நிறுத்தம். கீழே பிசியோதெரபி கிளினிக், மேலே இரண்டு அறை. கிளினிக்கை நடத்துகிறவர் டீச்சரோடு பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறவர். தெருவில் எல்லோரும் அவரை ‘டாக்டரம்மா’ என்பார்கள். தான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டார். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து, முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்தபோது, “வீட்டுல கூட யாரு?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். “சித்தி பொண்ணு” என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தார் டீச்சர்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டுமே. சித்தி பொண்ணுக்கு ஒரு சித்தி வேண்டியிருந்தது. சித்திக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது. டாக்டரம்மாவுக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒரு வாரம் விடுப்பு எடுக்க, சித்திக்கே உடம்பு சரியில்லாமல் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் யாராவது, “சித்தி இப்ப தேவலையா?” என்று விசாரிப்பார்கள்.

“இல்லாத சித்திக்கு இன்னும் எத்தனை தடவை காய்ச்சல் வரும்? பேசாம அந்தம்மாவைச் சாகடிச்சிடேன்” என்று டாக்டரம்மா சிரிப்பார்.

“சாகடிச்சா துக்கம் கேக்க வீட்டுக்கு வந்துருவாங்கடி” என்பார் டீச்சர்.

சிரித்துச் சிரித்தே பதினான்கு வருடம் ஓடியது.

அந்த வருடம் டீச்சர் பதினொன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியர். அதில் ஒரு பையனுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். நிறுத்தவே தெரியாத வாய். சோதனைக்குழாயைப் பிடித்துக்கொண்டே நேற்றைய ஆட்டத்துக்கு நேர்முக வர்ணனை கொடுப்பான். டீச்சரே இரண்டொரு தடவை திரும்பி நின்று சிரித்திருக்கிறார்.

இந்தப் பையன் பக்கத்துப் பிரிவுப் பையன் ஒருவனுக்கு செல்போனில் மெசேஜ் அனுப்பினான். உன்னைப் பிடித்திருக்கிறது, உன்னைப் பார்த்த நாளில் எனக்குப் பேச்சு தடுமாறுகிறது என்று நாலு வரி. அசிங்கமாக ஒரு சொல் கிடையாது. வாங்கியவன் அதைத் தன் நண்பனுக்குக் காட்டினான். நண்பன் அதைப் படம் பிடித்தான். சாயங்காலத்துக்குள் அது முந்நூறு போனுக்குப் போய்விட்டது. மறுநாள் ரேடியோவின் பெஞ்சில் காம்பஸ் முனையால் ஒரு வார்த்தை கீறியிருந்தது. அதற்கடுத்த நாள் அவனைக் கழிவறையில் வைத்து வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். இரண்டு பாடவேளை உள்ளேயே இருந்திருக்கிறான். கதவைத் தட்டவே இல்லையாம். துடைக்க வந்த அம்மாதான் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு பையன் பள்ளிக்கு வரவில்லை.

ஆசிரியர் அறையில் அந்தக் கதை டீயோடு சேர்ந்து சுற்றி வந்தது. ஒருவர் குரலை மாற்றிப் பேசிக் காட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் விடைத்தாள் திருத்துவதுபோல் குனிந்திருந்தார். இருபத்தோரு வருடமாக இந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் அவர் செய்தது அதுதான்: குனிந்து எதையாவது திருத்துவது.

பதினெட்டு நாள் கழித்து முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

முதல்வர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யார் மனமும் நோகாமல் தப்பு செய்யத் தெரிந்தவர், அவ்வளவுதான். அவர் அறையில் ரேடியோவின் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். நீலச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். பையன் சுவரோரமாக நின்றான், ஆள் பாதியாகியிருந்தான்.

மேசைமேல் மாற்றுச் சான்றிதழ் தயாராக இருந்தது. எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று. ‘நடத்தை’ என்ற கட்டம் மட்டும் வகுப்பாசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது. அதில் முதல்வர் உதவியாகப் பென்சிலால் மெல்ல எழுதி வைத்திருந்தார்: திருப்தி இல்லை.

“பையனோட நல்லதுக்குத்தான் மேடம். அப்பாவும் ஒத்துக்கிட்டார். வேற ஸ்கூல்ல புதுசா ஆரம்பிக்கட்டும். நீங்க அதுமேலயே பேனாவுல எழுதிட்டா போதும்” என்றார்.

டீச்சர் பேனாவை எடுத்தார். எடுத்த கை நின்றது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே மேசை. அப்போது வேறொரு முதல்வர், வேறொரு பையன். ஒல்லியாக, நன்றாகப் படம் வரைகிறவன். கரிம வேதியியலில் அவன் வரைந்த வளையங்களைப் பார்த்தால் அச்சடித்ததுபோல் இருக்கும். அவனையும் இப்படித்தான் அனுப்பினார்கள். ‘திருத்தப்பட வேண்டியது’ என்று சொன்னதை டீச்சர் அப்படியே எழுதினார். சான்றிதழை வாங்கிக்கொண்டு அந்தப் பையன், “தேங்க்ஸ் மிஸ்” என்றான். எங்கே போனான், என்ன ஆனான், இன்றுவரை தெரியாது. அந்த ‘தேங்க்ஸ்’ மட்டும் ஒன்பது வருடமாகத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

“சார், இவன் என்ன பண்ணினான்?” என்று கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாததா மேடம்?”

“தெரியும். பிடிச்சிருக்குன்னு நாலு வரி எழுதினான். போன வருஷம் பன்னெண்டாவது பையன் ஒருத்தன் ஒரு பொண்ணுக்கு நாலு பக்கம் எழுதினானே, அவனை என்ன பண்ணினோம்? ‘பரீட்சை முடியட்டும்டா மாப்பிள்ளை’ன்னு நீங்கதான் முதுகுல தட்டி அனுப்பினீங்க.”

“அது வேற, இது வேற.”

“சரி. பெஞ்சுல கீறினவன் நடத்தை எப்படி சார்? வெளிய தாழ்ப்பாள் போட்டவன் நடத்தை? அவங்களுக்கும் பென்சில்ல எழுதி வெச்சிருக்கீங்களா?”

முதல்வர் லிஃப்ட் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மேடம், இவன்... அந்த மாதிரி. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பள்ளிக்கூடத்து பேர் கெடும். உங்களுக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை?”

ஏன் என்று கேட்டதும் டீச்சருக்கு வழக்கமான பதில்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வகுப்பாசிரியர் என்கிற முறையில். மனிதாபிமான அடிப்படையில். ஒரு பெற்றோர் ஸ்தானத்தில். எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளினார்.

“இவன் எந்த மாதிரியோ, நானும் அந்த மாதிரிதான் சார்.”

சுவரோரம் நின்ற பையன் முதல்முறையாக நிமிர்ந்தான். அவன் அப்பாவும் நிமிர்ந்தார். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“அப்ப... வீட்டுல... அந்த சித்தி பொண்ணு?”

“எனக்குச் சித்தியே கிடையாது சார். எங்கம்மா ஒரே பொண்ணு.”

சொல்லிவிட்டு டீச்சர் ரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தைச் சுத்தமாக அழித்தார். அதே கட்டத்தில் பேனாவால் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பையனைப் பார்த்தார். “இப்ப இதை வாங்கிட்டு எங்க வேணா போகலாம். இல்ல, இங்கயே இருக்கலாம். உனக்கு எது வேணும்?”

பையன் அப்பாவைப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். “நான் யோசிக்கணும் டீச்சர்” என்றார். மகன் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். சான்றிதழ் டீச்சர் கையிலேயே நின்றது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசி நோயாளி போன பிறகு, கிளினிக்கில் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். டாக்டரம்மா விரிப்பின் நான்கு மூலையையும் இழுத்துச் செருகி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“நேரமில்லடி, அந்த நிமிஷம்...”

“அந்த ரூம்ல என் வாழ்க்கையும்தான் இருந்துச்சு. நீ பாட்டுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தா போட்டுட்டு வந்து நிக்கிற. நாளைக்கு எங்கிட்ட முதுகைக் காட்டிப் படுக்கணும்னா நாலு பொம்பளைங்க யோசிப்பாங்க. அது உன் மண்டையில ஏறலையா?”

அமிலம் என்று பேரெடுத்தவருக்கு அன்று வாயில் எச்சில்கூட ஊறவில்லை. “தப்புதான்” என்றார். இரண்டு நாள் அந்த வீட்டில் குக்கர் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பேச்சு தெருவுக்கு வந்ததும் டாக்டரம்மா சொன்னது பலித்தது. தோள்வலிக்காக மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி இனி வரவில்லை என்று சொல்லியனுப்பினார். அடுத்து இன்னும் மூன்று பேர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா படியேறி வந்து, டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“அந்தப் பையன் வந்தானா?”

“இன்னிக்கு வந்தான்.”

“பேசினானா?”

“‘பிரசன்ட் மிஸ்’னான். அவ்வளவுதான்.”

“சரி, சாப்பிடு. ஆறிப்போச்சு” என்றார் டாக்டரம்மா. பிறகு தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே, “எங்கம்மா ஒரே பொண்ணுன்னு சொன்னப்ப அந்தாளு மூஞ்சி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். டீச்சர் செய்து காட்டினார். இருவரும் சிரித்தார்கள், பிறகு டாக்டரம்மா கொஞ்சம் அழுதார்.

பள்ளியில் விஷயம் ஒரே வாரத்தில் பற்றிக்கொண்டது. பெற்றோர் நாற்பத்தாறு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். நிர்வாகக் குழு கூடி, விசாரணை முடியும்வரை டீச்சர் வகுப்பெடுக்கக் கூடாது என்றது. ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறையில் ஒரு நாற்காலி போட்டு, பழைய பாட்டில்களை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். அசிங்கப்பட்டுத் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுப்பார் என்று நினைத்தார்கள். டீச்சர் மறுநாள் காலையில் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாக வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூசி தட்ட ஆரம்பித்தார். லேபிள் உதிர்ந்துபோய் என்ன ஏது என்று தெரியாமல் கிடந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பேர் எழுதி ஒட்டினார்.

விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. டீச்சர் ஆய்வக நோட்டில் எழுதுகிற முறையிலேயே பதில் எழுதினார். நோக்கம்: ஒரு மாணவனின் நடத்தையை மதிப்பிடுதல். செய்முறை: அவன் என்ன செய்தான், அவனுக்கு என்ன செய்யப்பட்டது என இரண்டையும் தனித்தனியே பார்த்தல். கண்டது: அவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. முடிவு: நன்று. அதற்குக் கீழே ஒரு வரி: என்னைப் பற்றிய கேள்விக்கும் இதே செய்முறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குழுவின் வக்கீல் அதைப் படித்துவிட்டு, “இவங்களை அனுப்பணும்னா எந்த விதியை மீறினாங்கன்னு எழுதணும். அப்படி ஒரு விதி உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாராம். தேடிப் பார்த்தார்கள். இல்லை.

வேதியியல் வகுப்புக்கு ஆள் கிடைக்காமல், கீழ்வகுப்பு அறிவியல் டீச்சரை அனுப்பினார்கள். பாவம், அவருக்கே பாதி புரியவில்லை. இரண்டு வாரத்தில் சாமான் அறை ஜன்னலில் முதல் தலை முளைத்தது.

“மிஸ், மோல் கணக்கு சுத்தமா புரியல மிஸ்.”

“நான் விசாரணையில இருக்கேன். உனக்குச் சொல்லித்தரக் கூடாது” என்றார் டீச்சர், பாட்டிலைத் துடைத்தபடியே. “நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாரு. மூணாவது வரியை ரெண்டு தடவை படி. படிச்சிட்டுப் போய் நீயா போடு, தப்பா வந்தா திரும்ப ஜன்னலுக்கு வராத, நேரா கிணத்துக்குப் போ.”

மறுநாள் ஜன்னலில் நாலு தலை. அடுத்த வாரம் வரிசை. ஆய்வக உதவியாளர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவருக்குத் திடீரென்று கழுத்து பிடித்துக்கொள்ளும், ஜன்னல் பக்கம் திரும்பவே முடியாது. வரிசையில் ஒருநாள் ரேடியோவும் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவன் பெஞ்சில் கீறிய இருவரில் ஒருவன். டீச்சர் இருவரையும் பார்த்தார். கீறியவனுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். முடித்ததும், “உப்புத்தாள் வாங்கிட்டு வந்து சனிக்கிழமை அந்த பெஞ்சைத் தேய்க்கணும். நீயும் உன்கூட கீறினவனும். எழுத்து தெரியாம மட்டும் இல்ல, தடவினா விரலுக்கும் தெரியக் கூடாது” என்றார். பையன் தலையாட்டினான். சனிக்கிழமை நாலு மணிநேரம் தேய்த்தார்கள். ரேடியோ வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டான். மன்னிப்பு கேட்டார்களா என்றால், அன்றைக்கு இல்லை.

விசாரணை தொடங்கிய நாலாம் மாதம் பெற்றோர் கூட்டம். மண்டபம் நிரம்பிவிட்டது. டீச்சரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். கூட்டம் தொடங்கிய பிறகு கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா உள்ளே வந்தார். கிளினிக்கின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்க, நடுவில் நடந்து வந்து டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “யாராவது கேட்டா யாருன்னு சொல்லட்டும்?” என்றார் காதோரம். “நான் சொல்லிக்கிறேன்” என்றார் டீச்சர். அவர் கை சில்லிட்டிருந்ததை டாக்டரம்மா அப்போதுதான் கவனித்தார். எல்லார் முன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஒருவர் எழுந்து, பிள்ளைகளின் பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்டார். பலர் தலையசைத்தார்கள். அப்போது லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். மேடைப் பேச்சுக்குப் பழகாத மனிதர். முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“என் பையன் பதினெட்டு நாள் வீட்டுல வாயே திறக்கல. நான் அவன் கதவுக்கு வெளியவே படுத்திருந்தேன். என்ன பண்ணிக்குவானோன்னு பயம். எனக்கு இந்த விஷயம் புரியுதான்னு கேட்டா, இன்னும் முழுசா புரியலீங்க. ஆனா என் பையனை உள்ள வெச்சுப் பூட்டினது யாரு, வெளிய வரவெச்சது யாருன்னு தெரியும். பாதுகாப்புன்னு கேட்டாரே, அதான் என் பதில்.”

உட்கார்ந்துவிட்டார். நியாயத்துக்கு மனம் இளகியதோ என்னவோ, அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அடுத்ததாக நடந்தது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த ஓர் அம்மா எழுந்து நின்றார். இறுக்கமான முகம். நேராக டீச்சரைப் பார்த்துக் கேட்டார்:

“நீங்க இந்த வாரமே வந்தா, பரீட்சைக்குள்ள பாடத்தை முடிச்சிருவீங்களா?”

“சனிக்கிழமையும் வரணும். பிள்ளைங்க முனகக் கூடாது” என்றார் டீச்சர்.

“முனகினா எங்கிட்ட சொல்லுங்க” என்றுவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தார்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பக்கத்திலிருந்த டாக்டரம்மா, “என் சனிக்கிழமை போச்சு” என்று முணுமுணுத்தார்.

நிர்வாகக் குழு விசாரணையைக் கைவிட்டது. அடுத்த திங்கட்கிழமை டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தபோது நாற்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். வழக்கமாக நிற்பதுதான், ஆனால் உட்காரச் சொன்ன பிறகும் நின்றார்கள். டீச்சருக்குக் கண் கலங்கியது. “நிக்கிறவங்க எல்லாரும் மோலுக்கு வரையறை சொல்லணும்” என்றார். சடசடவென்று உட்கார்ந்தார்கள்.

எல்லாமே நல்லபடியாக முடிந்தது என்று கதையளக்க முடியாது. பதினொரு பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அடுத்த துணை முதல்வர் டீச்சர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த பதவி, அவருக்கு ஏழு வருடம் இளையவருக்குப் போனது. டீச்சரின் தம்பி இன்றுவரை போனை எடுப்பதில்லை. தோள்வலிப் பெண்மணி கிளினிக்குக்குத் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் நடத்தைக் கட்டத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று முதல்வர் கைப்பட ஒரு சுற்றறிக்கை போட்டார். அதற்கு அவரை உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாக எழுதவைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் அறையில் குரல் மாற்றிப் பேசிக் காட்டுகிறவர் இப்போது டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து வேறு வேலையாகப் போகிறார். ரேடியோ பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, வேதியியலில் சுமாரான மதிப்பெண் வாங்கி, நில அளவைப் படிப்பில் சேர்ந்தான். “இவ்வளவு பாடுபட்டும் அறுபத்தெட்டா?” என்று டீச்சர் அவனை எல்லார் முன்னாலும் திட்டினார்.

அந்தக் கோடையில் சேர்க்கை நடந்துகொண்டிருந்தபோது முதல்வர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. முதல்வர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், மறுபடியும் மனுவா?”

“மனுதான் மேடம். பதினொண்ணாவதுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் உங்க செக்‌ஷன்தான் வேணும்னு எழுதியிருக்காங்க. நாற்பத்திரண்டு இடத்துக்கு எழுபத்தாறு பேர். நான் என்ன பண்றது, சொல்லுங்க?”

டீச்சர் ஒரு கட்டு விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பேராக, நிதானமாக, வாய்க்குள் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஆய்வகத்துல இடிச்சிட்டு உட்கார்ந்தா அறுபது பேர் கொள்ளும் சார். மிச்சப் பதினாறு பேருக்கு ஜன்னல் இருக்கு.”